மாமனாரின் காதுக் கருவி

மூடிப்போன கம்பெனிகளின் காதுக் கருவிகளைப் பிரித்து, சர்க்யூட் போர்டின் தடங்களைப் பார்த்து, பழுதுபார்க்க அதன் வரைபடத்தை மறுபடி வரைவது பூங்கோதையின் வேலை. போன மாதம் இறந்த மாமனாரின் கருவியை அன்று வேலைக்குக் கொண்டுவந்து, கூட வேலை பார்க்கும் ஃபர்ஹானாவிடம் கொடுத்தாள். கெட்டுப்போச்சு என்று அவரே சொன்னதால், வீட்டில் அவர் எதிரிலேயே எல்லாம் பேசுவார்கள்.

"மைக் செத்திருக்கும், பாரு ஃபர்ஹானா."

"எங்கக்கா செத்துது? கல்லு மாதிரி இருக்கு. கேட்டதையெல்லாம் உள்ள இருக்கிற மெமரி சிப்புல பதிஞ்சு வச்சிருக்கு." ஃபர்ஹானா அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

"கிழத்துக்கு வடிச்சுக் கொட்டியே என் இடுப்பு போச்சு." பூங்கோதையின் குரல்தான்.

ஃபர்ஹானா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து மாமனாரின் குரல். "எனக்குப் பசியில்லம்மா, நீ சாப்பிடு."

கடைசி நாட்களில் அவர் தினமும் சொன்னது அது. வயசானால் அப்படித்தான் என்று டாக்டரிடம் சொன்னவள் பூங்கோதை.