இரண்டாவது ஆள்

சுவரில் இருந்த பெரிய திரையில் என் பெயர் மறுபடியும் சிவப்பில் வந்தது.

"நோயலியா, இதுவும் நீதான்," என்றார் டெனிஸ் லஷான்ஸ். எங்கள் வக்கீல் அலுவலகத்தை நடத்தும் பெண்மணி அவர்.

நாங்கள் பார்க்கும் வழக்குகளுக்குக் கட்டணம் தருவது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று அவர்கள் ஒரு விதிப் புத்தகமே வைத்திருக்கிறார்கள். ஒரு சாட்சியை விசாரிக்க ஒரு வக்கீல் போதும், இரண்டாவது ஆள் போனால் காரணம் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. இவ்வளவு நாளும் எங்கள் கணக்குப் பிரிவு அதைப் பார்த்தும் பார்க்காமலும் விட்டது. எங்கள் மூத்த வக்கீல் வால்ட்டர் கடோம்ஸ்கியின் பெயர் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சென்ற மாதம் வந்த மென்பொருளுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நாங்கள் பதியும் ஒவ்வொரு மணிநேரத்தையும் விதியோடு ஒப்பிட்டு, இடிப்பதையெல்லாம் சிவப்பாக்கிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சிவப்பை எல்லோருமாக உட்கார்ந்து தீர்க்கவேண்டும்.

"லாரி டிரைவர் விசாரணை, வால்ட்டரோட நோயலியா. நர்ஸ் விசாரணை, வால்ட்டரோட நோயலியா," இளம் வக்கீல் கோரி திரையைப் பார்த்து வாசித்தான். "இந்தம்மா அவரு கோட்டுப் பையிலயே குடியிருக்கு போல."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த வால்ட்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டம் என்றால் நான் மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். அது என் பைத்தியம் என்று அலுவலகத்தில் விட்டுவிட்டார்கள்.

திரையில் ஒரு காலிக் கட்டம். இரண்டாவது ஆள் எதற்கு?

"பயிற்சின்னு போட்டுடுங்களேன்," என்றேன்.

"பயிற்சிக்கு அவங்க தரமாட்டாங்க. அதுவுமில்லாம, ஆறு வருஷமாச்சு. இன்னும் என்ன கத்துக்கறே?" டெனிஸ் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "இதையெல்லாம் வெட்டினா உன் வருஷக் கணக்குல பாதி மணிநேரம் போயிடும். அப்புறம் ஜனவரியில உன்னை எப்படி வெச்சுக்கறது, நீயே சொல்லு."

சும்மா பின்னாலேயே போய் நேரத்தை ஏற்றிக்கொள்கிறேன் என்றுதான் அங்கே இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

மென்பொருளின்மேல் எனக்குக் கோபமில்லை. அது கேட்டது நியாயமான கேள்வி. காரணமும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரணம் என்னுடையது இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று வால்ட்டர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

எங்கள் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வால்ட்டரை அறியாத வக்கீல் கிடையாது. சாட்சி பதில் சொன்னதும் உடனே அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல், சொல்லவேண்டாம் என்று வைத்திருந்ததையும் சாட்சிகள் கொட்டிவிடுவார்கள். கோரிகூட இப்போது அதைப் பழகிப் பார்க்கிறான். அவன் செய்தால் கேள்வியை மறந்துவிட்டவன் மாதிரி இருக்கிறது.

டெனிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி, திரையில் அடுத்த சிவப்பைத் தேடியபடியே கேட்டார்.

"வால்ட்டர், நீங்களே சொல்லுங்க. இவ அங்க உங்களுக்கு எதுக்கு?"

என் பேனா நின்றது.

பிறகு டெனிஸ் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒருவர் சொன்ன வார்த்தையை நான் எங்கேயும் மாற்றி எழுதியதில்லை.

வால்ட்டர் தலையைக் குனிந்தபடி இருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கோரி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வால்ட்டர் என் முன்னாலிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அதை டெனிஸின் கையில் கொடுத்தார்.

அதில் கோரியின் கிண்டல் இருந்தது. ஜனவரி இருந்தது. கடைசி வரியில், மை காயாமல், டெனிஸ் கேட்ட கேள்வி இருந்தது.

"இதுல எதுவும் என் காதுல விழல, டெனிஸ்," என்றார் வால்ட்டர். "அவ எழுத எழுதப் படிச்சேன். அங்கயும் இதைத்தான் பண்றோம்."

நாற்பது வருஷம் சேர்த்த பெயரை அவர் ஒரு தாளோடு கொடுத்துவிட்டு நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டெனிஸ் அதை மறுபடியும் படித்தார். அவர் நல்ல மனுஷி. முகம் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நாளா, வால்ட்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

வால்ட்டர் அதற்குள் தன் நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை.