அரசமரத்துப் பங்க் வரைக்கும்

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

அவள் பார்த்தாள். பக்கத்து சீட்டில் வீட்டுக்காரரும் பார்த்திருப்பார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியவில்லை. நேற்று மதுரையில் புரை எடுத்த கண்.

"மிதி, வேலுத்தாய். பெட்ரோல் தீர்றதுக்குள்ள பங்க் போய்ச் சேர வேண்டாமா?"

அவள் மிதிக்கவில்லை.

வேகம் அறுபது.

வழியில் பங்க் வராமல் இல்லை. வந்ததையெல்லாம் வேண்டாம் என்றார். அவருக்கு ஒரே பங்க்தான். சாத்தூருக்கு இந்தப் பக்கம், அரசமரத்தடியில் இருப்பது. வேறு இடத்தில் போட்டால் வண்டி இருமும் என்பார்.

"வேகமாப் போனா வேகமாக் குடிக்கும்ங்க."

"யாரு சொன்னா?"

"கேஸ் அடுப்பு. பெருசா எரிச்சா சிலிண்டர் சீக்கிரம் தீருதுல்ல?"

"இது அடுப்பில்ல."

அவள் ஏசியை அணைத்தாள். ஜன்னல் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினாள். கரிசல் காற்று சூடாக வந்து முகத்தில் மோதியது.

நேற்று போகும்போது முள் பாதிக்கு மேல் இருந்தது. அவர் ஓட்டினார். புரைக் கண்ணோடு, நூறில். அவள் வழி நெடுகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சொன்னது பத்து நாள். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதற்கப்புறம் சாவி பழையபடி அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். ஐம்பத்து நாலு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. இன்றைக்குத்தான் வெளியே வந்தது.

நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் அந்தப் பத்து நாளும் கிடையாது.

வைக்கோல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது.

"பாத்தியா? வைக்கப்போரு போகுது நம்மளத் தாண்டி."

"போகட்டும். அதுக்கு மாடு காத்துக்கிட்டிருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அவர் வலது கால் மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு வண்டி முந்தும்போதும் வெறும் தரையை அழுத்தியது.

ரோட்டு நடுவில் அரளிச்செடி அசைந்தது.

ஒரு ஆடு. பின்னால் குட்டி. பின்னால் மந்தையே.

அவர் கால் எக்கி மிதித்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை.

அவள் பக்கம் இருந்தது.

வண்டி நின்றது. முன்னால் ஒரு முழம் இடம் மிச்சம். குட்டி அங்கேயே நின்று அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாயைத் தேடி ஓடியது. ஆட்டுக்காரர் கம்பை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் ஆடுகள் கடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கை சீட் பெல்ட்டைத் தேடியது. கண் ஆபரேஷன் ஆனவனை இறுக்கக் கூடாது என்று காலையில் அரைமணி நேரம் வாதாடிய மனுஷர்.

அவள் அலுங்காமல் வண்டியை எடுத்தாள்.

முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி அதே அறுபதில் போனது.

தூரத்தில் அரசமரம்.

பங்க்காரர் மூடி திறக்கச் சாவி வாங்கினார். தொட்டி நிறைந்ததும் வழக்கம்போல ஐயாவிடமே கொண்டுவந்து நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேரே பார்த்தாள்.

அவர் சாய்ந்து, சாவித் துவாரத்தைத் தடவினார். முதல் தடவை தவறியது. அவள் உதவவில்லை. இரண்டாம் தடவை சாவி உள்ளே போனது.

"போ. வெள்ளனப் போயி என்ன பண்ணப் போறோம்."

செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கி, சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.