சாமியறைக்கு எது சரி

முக்காலியில் ஏறிய பிறகுதான் அம்பிகைபாகன் பார்த்தான், சாமியறைச் சுவரில் முருகன் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா செல்வநாயகியையும் காணோம்.

பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, மேலே இருந்த புகை அலாரத்தைத் திருகிக் கழற்றினான்.

பினாங்கில் பாதி ஹோட்டல்களுக்கு அலாரம் மாட்டியவன் அவன். படுக்கையறைக்குப் புகையை மோப்பம் பிடிக்கிற வகை. சமையலறைக்குச் சூட்டை மட்டும் பார்க்கிற வகை. தாளிக்கிற புகைக்கெல்லாம் அலறினால் சமைக்கிறவன் எப்படிச் சமைப்பான் என்று இன்றைக்குக்கூட மாக் மண்டின் தொழிற்சாலை கேன்டீனில் விளக்கினான். பாதியிலேயே சொந்த வீட்டு ஞாபகம் வந்து குத்தியது. ஊருக்குத்தானே உபதேசம்.

சொந்த வீட்டுச் சாமியறையில், ஹோட்டல் படுக்கையறைகளுக்குப் போக மிஞ்சியதைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான்.

இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மா சாம்பிராணி போட்டதும் அது வீல் வீலென்று கத்தியது. பக்கத்து வீட்டுக் காமாரியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவன் அலாரத்தை மாற்றவில்லை. படியில் கூடிய அத்தனை பேர் முன்னால் அம்மாவைத் திட்டினான்.

அதன்பிறகு வீட்டில் சாம்பிராணி வாசமே வந்ததில்லை. விட்டுவிட்டாள் என்று அவனும் விட்டுவிட்டான், பாவி. சரியான வகை அவன் காரிலேயே கிடந்தது.

புதியதை மாட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தான்.

ஆறு மாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் கொட்டகையோரம் புகை எழுந்தது. கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டிமேல் முருகன் சாய்ந்திருந்தார். அம்மா தூபக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காவல்காரர் இஸ்மாயில், வழக்கம்போல என்கிற மாதிரி, தன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு இடம் விட்டிருந்தார்.

லிஃப்ட் கெட்டு ஒரு மாதமாகிறது. அம்மாவுக்கோ முட்டிவலி.

அவள் மேலே வந்து சேர வெகுநேரமானது. ஒரு கையில் தூபக்கால்; மறுகையில், முந்தானையால் மூடிய முருகன். அம்பிகைபாகன் ஓடிப்போய் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

"இது புகைக்குக் கத்தாதும்மா. சூட்டுக்கு மட்டுந்தான். இனிமே இங்கேயே போடுங்க." அவன் குரல் கெஞ்சியது.

அம்மா மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து புதிய அலாரத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"வேணாம் தம்பி. கீழ முருகனுக்கும் பழகிப்போச்சு."