சுவேதாதான் பேசுறேன்

“அம்மா, சுவேதாதான் பேசுறேன். உன்னோட போனுக்கு இப்போ ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லும்மா.”

குரல் மகளுடையதுதான். பேச்சுதான் மகளுடையது மாதிரி இல்லை.

குப்பம்மா ஒட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். தெரியாத எண். சற்று முன்னால் ஏதோ ஒரு செய்தியும் வந்து விழுந்திருந்தது.

“யாரு பேசறது?”

“நான்தாம்மா. என் போன்ல சார்ஜ் இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கேன். குடல்வால் வீங்கியிருக்காம், உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். நம்ம காப்பீட்டு அட்டையைப் பதிவு பண்றதுக்கு அந்த நம்பர் வேணும்.”

சென்னையை ஒட்டிய திருமழிசைத் தொழிற்பேட்டையின் அந்தச் சின்னக் கம்பெனிக்குள் இயந்திரச் சத்தம் காதை அடைத்தது. குப்பம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேலை செய்யும் கஸ்தூரியும் பின்னாலேயே வந்து போனருகே காதை வைத்துக் கேட்டாள்.

கஸ்தூரிக்குப் போன மாதம்தான் அது நடந்தது. பெங்களூரில் வேலை செய்யும் தம்பியின் குரலில் எவனோ பேசினான். அழுதான். போனுக்கு வந்த நம்பரைக் கேட்டான். இவள் சொன்னாள். வங்கியில் இருந்தது அத்தனையும் போயிற்று. நிஜத் தம்பி அந்த நேரத்தில் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள்.

“சொல்லாதக்கா.” கஸ்தூரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “எந்தம்பி கொரலும் அச்சு அசலா இப்டித்தான் இருந்துச்சு.”

சுவேதா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் இது இரண்டாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள். எடுத்த எடுப்பில் ‘யம்மா, துன்னியா? நைனா இன்னா பண்ணுது?’ என்பாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘கீறேம்மா’ என்பாள். ‘இருக்கேன்’ என்று அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

இது யாரோ டிவியில் பேசுகிற மாதிரி இருந்தது. வலியில் துடிக்கிற பிள்ளை இப்படியா பார்த்துப் பார்த்துப் பேசும்?

“ஏய், யாரு நீ? எம் பொண்ணு கொரல வெச்சிக்கினு யாராண்ட வெளையாடற?”

போனை வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு மகளின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. லோடு வண்டி ஓட்டும் புருஷனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி மகளுக்கு. மறுபடியும் அதே பதில்.

தெரியாத எண் திரும்ப வந்தது.

“ஆன்ட்டி, நான் கலைவாணி. சுவேதாவோட ரூம்மேட். தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க. அவளால உட்காரக்கூட முடியல. இனிமேலும் லேட் பண்ணாதீங்கன்னு டாக்டர் சத்தம் போடறாரு.”

கலைவாணி என்ற பெயரை மகள் சொல்லியிருக்கிறாள். ஆனால் கஸ்தூரியை ஏமாற்றியவனுக்கும் தம்பியின் கம்பெனிப் பெயர் தெரிந்திருந்ததே.

சொன்னால் இருப்பதெல்லாம் போகும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

“எம் பொண்ணாண்ட குடு.”

“அம்மா...” அதே குரல். இப்போது இன்னும் சன்னமாக. “நம்பும்மா. ரொம்ப வலிக்குது.”

“எம் பொண்ணுன்னா என்னாண்ட பேசற மாறி பேசு. ஊட்ல பேசற மாறி. அப்பதான் நம்பர சொல்லுவேன்.”



குப்பம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. ‘ஏதாவது பேசேன் சுவேதா’ என்று கலைவாணி கெஞ்சினாள். அப்போதும் பேச்சில்லை.

பார்த்தாயா என்பதுபோல் கஸ்தூரி தலையை ஆட்டினாள்.

குப்பம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

“இன்னாம்மா நீ!” காதில் வைக்காமலே கேட்டது அந்த அலறல். “வவுறு வலில உசுரு போவுது, இன்னும் கேள்வி கேட்டுக்கினு கீற! நான் பூட்டா அப்பால இன்னா பண்ணுவ? சொல்லித் தொலமா!”

குப்பம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, செய்தியைத் திறந்து, எண்களைப் படித்தாள். நடுவில் குழம்பி மறுபடி முதலிலிருந்து படித்தாள். கலைவாணி அதை யாருக்கோ உரக்கச் சொன்னாள்.

“ஆயிடுச்சு ஆன்ட்டி. இப்போ உள்ள கூட்டிட்டுப் போறாங்க. ஒண்ணும் ஆகாது.”

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். அங்கே நின்றிருந்த இன்னொரு பெண் தணிந்த குரலில் கேட்டது இங்கே தெளிவாக விழுந்தது.

“ஏய், இவ திருச்சின்னுதான சொல்லிட்டு இருந்தா?”

யாரோ ‘ஷ்ஷ்’ என்றார்கள்.

குப்பம்மா போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ரூமில் டவர் கிடைக்காது என்று ஞாயிறுதோறும் மகள் ஏன் மொட்டைமாடிக்குப் போய் நின்று பேசுகிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். அங்கே இருக்கிற எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக, டிவியில் கேட்டுத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள்.

“பயப்படாதே சுவேதா. நானும் அப்பாவும் உடனே திருச்சியிலிருந்து கிளம்பி வருகிறோம்.”