முன்சக்கரத்துத் திருகு

ஐந்தாவது வண்டியின் கதவையும் சாத்திவிட்டு வெமுனா தலையை ஆட்டினார். இதுவும் வேண்டாம்.

வியாபாரி ஃபெஸ்டஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஒச்சிவாரொங்கோ நகரத்திலேயே நல்ல பிக்கப் வண்டிகள் தன்னிடம்தான் இருக்கின்றன என்று காலையிலிருந்து நூறு தரம் சொல்லியாகிவிட்டது.

"பெரியவரே, இதுல என்ன குறை? மணல் வந்துச்சுன்னா இந்தக் குமிழை ஒரு திருப்பு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். உக்காந்த இடத்தை விட்டு அசையவே வேண்டாம்."

"அதுதான் குறை."

வெமுனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். எழுபத்திரண்டு வயதிலும் அந்த முதுகு வளைந்ததில்லை.

அக்கா ஹெர்மீனே பின்னாலேயே வந்தாள். மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீண்ட தலைக்கட்டு. தரையைப் பெருக்கும் பாவாடை. வண்டியில் அவள் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்தால் தலைக்கட்டு இடிக்கக் கூடாது.

இன்னும் பதினோரு நாளில் முன்னோர் கல்லறைக்கு ஊர்வலம். கொடி கட்டிய முதல் வண்டி எப்போதும் வெமுனா வீட்டாருடையது.

போன வருஷம் அந்த முதல் வண்டி மணலாற்றின் நடுவில் அச்சுவரை புதைந்தது. அக்கரையில் இருந்த கமுத்துவா வீட்டார் எட்டுக் கழுதைகளைப் பூட்டி இழுத்தார்கள். கொடிக்கு முன்னால் கழுதைகள் போயின.

மறுபடியும் புதைந்தால் கொடி கமுத்துவா வீட்டுக்கு. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். 'கழுதைகளுக்கு இப்போதிருந்தே தீனி போடுகிறோம்' என்று அந்த வீட்டார் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

பழி மெக்கானிக் உதோவின் தலையில் விழுந்தது. ஊர்வலத்துக்கு முதல் நாள் முன்சக்கரங்களைப் பிரித்துப் பூட்டியவன் அவன்தான். சபையில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீட்டுத் தலைவர் இருக்கும் இடத்தில் உனக்கென்ன பேச்சு என்று அடக்கிவிட்டார்கள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அவன் பட்டறைப் பக்கம் இப்போது யாரும் போவதில்லை.

அன்று வெமுனா ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கோபம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலியோரம் ஒரு பழைய பிக்கப் நின்றது. வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். பின்னால் நீளமான தொட்டி.

வெமுனா கைத்தடியை அதன் வயிற்றுக்கடியில் நிறுத்திப் பார்த்தார். நல்ல உயரம். வில்தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு முன்சக்கரத்துக்கு வந்தார். நடுவில் உள்ளங்கையளவு இரும்புத் திருகு.

"அதை விடுங்க," என்றான் ஃபெஸ்டஸ். "எஞ்சின் யானை மாதிரிதான். ஆனா மணல்ல விடுறதுக்கு முந்தி கீழ இறங்கணும். மண்டி போட்டு ரெண்டு பக்கமும் திருகணும். அப்புறம்தான் உள்ளே இருக்கிற கம்பியை இழுத்தா முன்சக்கரம் கேக்கும். இல்லைன்னா சும்மா உருளும், அவ்வளவுதான். உங்க வயசுக்கு..."

"என் வயசை நீ விக்க வேண்டாம். வண்டியை வித்தாப் போதும்."

ஹெர்மீனே சிரித்துவிட்டாள். "உனக்கு முழங்கால் மடங்குமாடா? சர்ச்சுலயே நின்னுக்கிட்டுத்தானே கும்பிடுறே!"

கைத்தடியை அவள் கையில் கொடுத்தார். மடிப்புக் கலையாத காற்சட்டையோடு புழுதியில் மண்டியிட்டார்.

திருகு துருவேறி இறுகியிருந்தது. ஃபெஸ்டஸ் ஓடி வந்தான். வெமுனா கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

எழுந்து சுற்றிப்போய் அந்தப் பக்கமும் மண்டியிட்டார்.

பிறகு வண்டியில் ஏறி, கம்பியை இழுத்து, வேலிக்குப் பின்னால் கட்டடக்காரர்கள் கொட்டியிருந்த மணல் மேட்டில் விட்டார். வண்டி ஒருமுறை முனகியது. முன்சக்கரங்கள் கடித்துக்கொண்டன. மேட்டின் மறுபக்கம் இறங்கித் திரும்பி வந்தது.

"இதுதான்," என்றார்.

ஹெர்மீனே கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்தாள். அது அவளுடைய இடம். போன வருஷமும் அவள்தான் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஊர்வலத்தன்னைக்கு அங்க உதோ உக்காரட்டும்."

"யாரு, அந்தக் கை விளங்காதவனா? என் இடத்துலயா? கமுத்துவா வீட்டுக்காரங்க பாக்கவா?"

"அவங்க பாக்கணும். ஆத்தங்கரையில நான் இறங்கறதையும் பாக்கணும்."

முழங்கால் இரண்டிலும் ஒட்டியிருந்த புழுதியை அவர் தட்டிவிடவில்லை.

ஹெர்மீனே அதைப் பார்த்தாள். பிறகு சக்கரத்துத் திருகைப் பார்த்தாள். புதைந்த வண்டியிலும் இதே மாதிரித் திருகுதான்.

போன வருஷம் ஆற்றங்கரையில் தம்பி வண்டியை நிறுத்தினார். கதவைப் பாதி திறந்தார். அக்கரையில் கமுத்துவா வீட்டார் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். குனிந்து ஊர்வலத்துக்கான தன் வெள்ளைச் சீருடையைப் பார்த்துக்கொண்டார். அவள் தேய்த்துக் கொடுத்த சீருடை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹெர்மீனே இருக்கையிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.