ஓடியே ஆக வேண்டும்

“ஒட்டிஸ், என் மருமகன். லியோனா, என் மகள். வண்டி ஓட்டப்போற பிராடி. அப்புறம் நான், வெர்லின் ஸ்ட்ரவுட். நாலே பேர்தான் இங்க இருக்கோம். அஞ்சாவது ஆள் இந்தக் கூடாரத்துக்குள்ள காலை வைக்கக் கூடாது. நாளைக்கு எவனும் ‘நானும் இருந்தேன், நானும் பார்த்தேன்’னு கதை கட்டக் கூடாது!”

பெரியவர் ஸ்ட்ரவுட்டின் குரல் பந்தய மைதானத்தின் பாதிக்குக் கேட்டது.

“வண்டிக்கு அடியில படுத்திருக்கிற எனக்குக் காது அடைக்குது, மாமா. கல்லறையில இருக்கிற உங்க தாத்தாவுக்கும் கேட்டிருக்கும்” என்றான் ஒட்டிஸ்.

“கேட்கட்டும். அவர் பேரும் ஸ்ட்ரவுட்தான்.”

அரையிறுதியில் அந்தக் கறுப்பு டிரக் சீறிக் கிளம்பியபோது நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைக் கவ்வின. டீசல் எஞ்சினின் வலு முன் சக்கரங்களுக்கும் பாய்ந்ததில், முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகள் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. எப்படியோ ஜெயித்துவிட்டது. ஆனால் முன் சக்கரங்கள் இப்போது சண்டை போட்ட தம்பதிபோல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

இறுதிச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. பிராடியின் அண்ணன் உதிரி பாகம் தேடி ஊருக்குள் போயிருந்தான். இந்தியானாவின் அந்தச் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் பொரித்த கோழிக் கடையும்தான் திறந்திருக்கும்.

பிராடி கூடாரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். “ஐயா, இனிமே முடியாது. ஓடலைன்னு போய்ச் சொல்லிடறேன். மரியாதையா முடிஞ்சுடும்.”

“யாருக்கு மரியாதை? ஓடாம முடிஞ்ச ஃபைனல்ல ஸ்ட்ரவுட் பேர் இருந்ததா சரித்திரம் கிடையாது. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இருக்கவும் இருக்காது. இந்த வண்டி பந்தயக் கோட்டுக்கு வந்தே ஆகணும். லியோனா! நம்ம பெட்டியில இருக்கிற டை ராடை எடு.”

லியோனா அசையவில்லை. “அப்பா, அது ஒரு ஜோடிதான் இருக்கு. ஃபைனல்ல கிளம்பும்போது மறுபடி வளைஞ்சா?”

“வளைஞ்சா வளையட்டும். பெட்டியில வெச்சுப் பூட்டி அழகு பார்க்கவா வாங்கினோம்?”

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

“அது மேல மாட்டுற இரும்பு உறை எங்க?”

“அதுவுமா?”

“அதுவும்தான். அரைகுறை வேலை நம்ம வீட்டுல கிடையாது.”

துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பானர் வழுக்கி, ஒட்டிஸின் விரல் முட்டி கிழிந்தது. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். “ஞாயிற்றுக்கிழமை!” என்று அதட்டினார் பெரியவர். அதட்டிவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு தானும் மண்டியிட்டார். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை மெல்லிய கயிறு ஒன்றை இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

“வலது பக்கம் அரை நூல் உள்ள தள்ளு. இன்னும். நிறுத்து! உன்னை யாருடா இவ்வளவு தள்ளச் சொன்னது?”

“நீங்கதான்.”

“நிறுத்துன்னு சொன்னேனே!”

ஒலிபெருக்கி கரகரத்தது. “டீசல் பிரிவு, இறுதிச் சுற்று. வண்டிகள் வரிசைக்கு வரவும்.”

லியோனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அப்பா, நான் போகணும்.”

“போ. போய் நில்லு.”

கை துடைத்த துணியை வீசிவிட்டு அவள் ஓடினாள்.

“இன்னும் ஒரு நட்டுதான்!” என்று அடியிலிருந்து கத்தினான் ஒட்டிஸ். பிராடி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். பெரியவர் ஜன்னலில் சாய்ந்தார்.

“கேட்டுக்கோ. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே டர்போ முழுசா மூச்சுப் பிடிக்கிறவரைக்கும் நின்னுட்டு, அப்புறம் ஒரேயடியா விட்டியே, அதனாலதான் வளைஞ்சது. பாதி மூச்சுல விடு. வண்டி நகர்ந்த பிறகு முழுசா மிதி. அவசரம் உன் காலுக்குத் தெரியக் கூடாது.”

ஒட்டிஸ் தலையை வெளியே நீட்டினான். “மாமா! அதையுமா சொல்லிக் குடுத்தீங்க?”

“சொல்லாம விட்டா அதுவும் அரைகுறைதான்.”

கோட்டருகே இரண்டு டிரக்குகளும் நின்று உறுமின. பெரியவர் கம்பி வேலியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். ஒட்டிஸ் ஏதோ கேட்டான். அவர் காதில் விழவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. கரும்புகை எழும்பி வானத்தை மறைத்தது. முன் சக்கரங்கள் ஒரு நூல் பிசகவில்லை. கறுப்பு டிரக் அம்பு மாதிரி நேராகப் பாய்ந்து, அரை பானெட் நீளம் முந்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பிராடி வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, அவன் கையைக் குலுக்கினார்.

“நேராப் போச்சு” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஸ்ட்ரவுட் வீட்டு வண்டி பழுதாகித்தான் தோற்றது என்று அந்த மாவட்டத்தில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அடுத்த தடத்தில் லியோனா ஓட்டித் தோற்ற ஸ்ட்ரவுட் வீட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை. பழுதாகிக் கிடந்தது, ஜெயித்த பிராடி கெட்லரின் வண்டி.