வயிற்றுக் கோளாறு

"நேத்து வயித்துப்போக்குன்னு படுத்தவன், இன்னிக்கு ரெண்டாவது ஹாட் டாகை முழுங்கிட்டு இருக்கான் பாரு."

ஆர்டென் தோர்சன் மனைவியிடம் சொன்னது அந்த வரிசை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

முன் வரிசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த ரீஸ் மெல்லுவதை நிறுத்தினான். கல்லூரி அணிகளின் ஐஸ் ஹாக்கி ஃபைனல். கீழே ஆடிக்கொண்டிருக்க வேண்டியவன் அவன். அவன் இடத்தில் இன்று இறங்கியிருந்தது ஆர்டெனின் மகன் கோல்பி.

நாலு வருஷமாகப் பயிற்சிக்கு மட்டும் போய்வந்தவன் கோல்பி. ஒரு ஆட்டத்தில்கூட இடம் கிடைத்ததில்லை. நேற்று மாலைதான் போன் வந்தது. "அப்பா, ரீஸுக்கு உடம்பு சரியில்லை. கோச் என்னை எறங்கச் சொல்லிட்டார்."

விடியுமுன் கிளம்பி, சொந்த ஊரான ரோசோவிலிருந்து ஆட்டம் நடக்கும் செயின்ட் பால் வரை ஆறு மணி நேரம் பனியில் ஓட்டி வந்திருந்தார் ஆர்டென்.

"என்ன தம்பி, வயிறு சரியாயிடுச்சா?"

"இப்பப் பரவாயில்லை சார்."

"எங்க காலத்துல தாடை உடைஞ்சாலும் கம்பி கட்டிக்கிட்டு ஆடுவோம். இப்ப ஃபைனல்னாலே சில பேருக்கு வயித்தைக் கலக்குது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரீஸின் காது மடல் சிவந்தது.

"சும்மா இருங்க. சின்னப் பையன்," என்று கார்லா கணவரின் கையைக் கிள்ளினாள்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி கோலை நோக்கி விளாசிய அடியைக் கோல்பி முழங்காலைக் கொடுத்துத் தடுத்தான். விழுந்தான், நொண்டிக்கொண்டே எழுந்தான்.

"அவன் ஆம்பளை," என்றார் ஆர்டென், ரீஸின் முதுகைப் பார்த்து.

மூன்றுக்கு இரண்டு. ஜெயித்தாயிற்று.

உடை மாற்றும் அறை வாசலில், வீரர்களின் காயத்துக்குக் கட்டுப்போடும் மார்னி நின்றிருந்தாள். ஆர்டெனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரீஸுக்கு என்ன மருந்தும்மா குடுத்தே? ஒரே ராத்திரியில குணமாயிட்டானே."

மார்னி சிரிக்கவில்லை. அவரை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அவனுக்கு ஒண்ணுமே இல்லை சார். நேத்து கோச் ரூம்ல நானும் இருந்தேன். 'எனக்குக் காலேஜ்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கு. கோல்பிக்கு இதுதான் கடைசி ஆட்டம். அவங்க அப்பா ஒரு தடவையாவது வந்து பாக்கட்டும்'னு கெஞ்சினான். கோச் ரொம்ப யோசிச்சுத்தான் ஒத்துக்கிட்டார்."

ஆர்டெனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த வரிசையில் எழுந்த சிரிப்பு திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

ரீஸ் சுவரோரம் தனியாக நின்றிருந்தான். நாலடி தள்ளி, கோல்பி கோப்பையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி..." ஆர்டென் அவன் பக்கத்தில் போய் நின்றார். "அத்தனை பேர் முன்னாடி உன்னை நான்... என்னை மன்னிச்சுடுப்பா. நீ விட்டுக் குடுத்த இடத்துலதான்..."

ரீஸ் அவசரமாக அவர் தோளில் கை வைத்துக் குனிந்தான்.

"மெதுவாப் பேசுங்க சார். கோல்பி காதுல விழுந்துடப் போகுது."